இழை அறுவதும் கோல் விழுவதும்

(ஆந்திரத்தின் எல்லையோர நெசவு ஊரான நகரியில் ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இங்கிலாந்து கால்பந்து ஆட்டங்களின் முடிவை முன்கூட்டிச் சொல்வது பற்றிப் பேசப்போகிறேன் என்றதும், கூட்டம் நடத்துகிற நண்பர் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். "சார், திருத்தணி முருகனைப் பத்திப் பேசலாம், நூல் விலையைப் பத்திப் பேசலாம். நகரிக்கும் அந்த வெள்ளைக்காரன் பந்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டார். தறிச் சம்பந்தம் என்றேன். அவர் நம்பவில்லை. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1888ல் இங்கிலாந்தில் கால்பந்து லீக் தொடங்கியபோது அதில் 12 அணிகள். அவற்றில் 6 அணிகள் லங்காஷயர் மாவட்டத்தவை: பிளாக்பர்ன் ரோவர்ஸ், பர்ன்லி, போல்டன், பிரஸ்டன், அக்ரிங்டன், எவர்ட்டன். எவர்ட்டன் இருக்கும் லிவர்பூல், பஞ்சு மூட்டை வந்து இறங்கிய துறைமுகம். மற்ற ஐந்தும் நூற்கிற ஊர், நெய்கிற ஊர். 1850ல் வந்த தொழிற்சாலைச் சட்டம் சனிக்கிழமை மதியம் 2 மணிக்கு நூற்பாலைகளையும் நெசவாலைகளையும் நிறுத்தச் சொன்னது. இரண்டு மணிக்கு வெளியே வந்தவன் மூன்று மணிக்கு என்ன செய்வான்? மைதானத்துக்குப் போனான். இன்றைக்கும் அங்கே சனிக்கிழமை ஆட்டத்துக்கு மூன்று மணிதான் மரபான நேரம். அது ஆலைச் சங்கு வைத்த நேரம்.

1842ல் வில்லியம் கென்வர்த்தியும் ஜேம்ஸ் புல்லோவும் பிளாக்பர்னில் உருவாக்கிய தறிக்கு லங்காஷயர் தறி என்று பெயர். இந்தக் கூட்டத்துக்கு நடந்து வரும்போது வழியெல்லாம் தடதடவென்று காதில் விழுந்ததே, அந்தச் சாதா விசைத்தறிக்கு அதுதான் பாட்டன். அந்தப் பாட்டன் நமக்கு நல்லது செய்தவன் அல்ல. பிளாக்பர்ன் தறிகள் முக்கியமாக நெய்ததே நம் ஊர் ஆண்கள் கட்டுகிற வேட்டித் துணியைத்தான். அங்கே தறி ஏற ஏற, இங்கே கைத்தறிக் குழி காலியானது. 1931ல் காந்தி லண்டன் போனபோது பக்கத்து ஊரான டார்வெனுக்குப் போய், இந்தியா துணி வாங்க மறுத்ததால் வேலையிழந்த நெசவாளிகளையே நேரில் பார்த்துப் பேசினார்.

பழைய கதை போதும். புதுக்கதையும் ஒன்று உண்டு. நம் பக்கத்துத் திருப்பதி ஏழுமலையான் பெயரை வைத்துக்கொண்டு கோழி வியாபாரம் செய்கிற வெங்கடேஸ்வரா ஹேச்சரீஸ், அதாவது வெங்கீஸ், 2010 நவம்பரில் அதே பிளாக்பர்ன் ரோவர்ஸை விலைக்கு வாங்கியது. 1995ல் இங்கிலாந்தின் முதல் பிரிவான பிரீமியர் லீக்கின் கோப்பையை வென்ற அணி அது. 2012 மே மாதம், விகன் அணியிடம் சொந்த மைதானத்தில் 0-1 என்று தோற்று முதல் பிரிவிலிருந்தே இறங்கியது. அன்று ரசிகர்கள் ஆடுகளத்துக்குள் ஒரு கோழியை அவிழ்த்துவிட்டார்கள். கோழி விற்றவருக்குக் கோழியாலேயே மரியாதை. 2010ல் இதை யாராவது கணித்திருந்தால் அவரை ஏற இறங்கப் பார்த்திருப்போம்.

கணிப்பு என்ற சொல்லுக்கு வருகிறேன். நாம் இரண்டு மொழி பேசுகிற ஊர்க்காரர்கள். வீட்டில் தமிழ், கடையில் தெலுங்கு, கோபம் வந்தால் எது முதலில் வருகிறதோ அது. தெலுங்கில் 'ஜோஸ்யம்' என்ற சொல்லும் இருக்கிறது, 'அஞ்சனா' என்ற சொல்லும் இருக்கிறது. கல்யாணம் எப்போது நடக்கும் என்று சொன்னால் ஜோஸ்யம். கல்யாணத்துக்கு எத்தனை பேர் வருவார்கள், எத்தனை படி அரிசி போட வேண்டும் என்று சமையல்காரர் சொன்னால் அது அஞ்சனா. தமிழில் 'கணி' என்ற ஒரே வேர் இரண்டையும் சுமக்கிறது. கணியன் பூங்குன்றனார் பெயரில் இருக்கிற கணியன் நாள் பார்க்கிறவன். கணக்கு, கணினி எல்லாம் அதே குடும்பம். அதனால்தான் தமிழில் பேசும்போது நமக்கு இரண்டும் குழம்பிவிடுகின்றன என்று எனக்கு ஒரு சந்தேகம். இன்று நான் பேசுவது அஞ்சனா பற்றி.

ஜோஸ்யத்துக்கும் கால்பந்தில் இடம் இருந்தது. 2010 உலகக் கோப்பையின்போது ஜெர்மனியில் பால் என்ற ஆக்டோபஸ் ஜெர்மனி ஆடிய 7 ஆட்டங்களையும் இறுதி ஆட்டத்தையும் சரியாகச் சொன்னது எல்லோருக்கும் தெரியும். அதே மாதம் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் நம் தமிழ்க் கிளி ஜோசியக்காரர் ஒருவரிடம் இருந்த மணி என்ற கிளி, நான்கு கால் இறுதி ஆட்டங்களையும் சரியாக எடுத்துக் கொடுத்தது. பிரேசிலை நெதர்லாந்து அடிக்கும் என்று எடுத்த சீட்டும் அதில் அடக்கம். உலகப் பத்திரிகைகள் எல்லாம் சிராங்கூன் சாலைக்கு வந்தன. இறுதி ஆட்டத்துக்கு மணி நெதர்லாந்து சீட்டை எடுத்தது. ஸ்பெயின் 1-0 என்று ஜெயித்தது.

நான்கும் சரியாக வருவதற்கான வாய்ப்பு 16ல் ஒன்று. எட்டும் சரியாக வர 256ல் ஒன்று. உலகம் முழுக்க அந்த மாதம் எத்தனை கிளி, ஆமை, பன்றி, நாய்க்குட்டி சீட்டு எடுத்திருக்கும்? 256 பிராணிகளை உட்கார வைத்தால் சராசரியாக ஒன்று எட்டையும் சொல்லிவிடும் என்பதுதான் கணக்கு. சொன்னது பேப்பரில் வரும், தப்பாகச் சொன்ன 255ம் தீனி தின்றுவிட்டுத் தூங்கும். உங்கள் தெருவில் "நான் சொன்னேனா இல்லையா?" என்று காலரைத் தூக்கிக்கொள்ளும் அண்ணனையும் இதே கணக்கில் பாருங்கள்.

சரி, ஒரு வாரக் கடைசியில் என்ன நடக்கிறது? பிரீமியர் லீக்கில் 20 அணிகள். ஒரு சுற்றுக்கு 10 ஆட்டம், பருவம் முழுக்க 380 ஆட்டம். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மூன்று முடிவு: சொந்த மைதான அணி ஜெயிக்கும், வந்த அணி ஜெயிக்கும், டிரா. பத்து ஆட்டத்துக்குப் பத்து மூன்றுகளை ஒன்றோடொன்று பெருக்கினால் 59,049 வழிகள். கண்ணை மூடிக்கொண்டு எழுதினால் பத்தும் சரியாக வர அத்தனையில் ஒன்று.

கண்ணைத் திறந்துகொண்டு எழுதினால்? பல ஆண்டு முடிவுகளை அடுக்கிப் பார்த்தால் நூற்றுக்குக் கிட்டத்தட்ட 45 ஆட்டங்களில் சொந்த மைதான அணி ஜெயிக்கிறது, 30ல் வந்த அணி, 25 டிரா. அப்படியானால் எதுவுமே தெரியாத ஒருவர் பத்துக்கும் "சொந்த மைதானம்" என்று எழுதிக் கொடுத்தாலே நான்கோ ஐந்தோ சரியாகிவிடும். வாரம் முழுக்க ஆட்டம் பார்த்து, யாருக்கு முழங்கால் வலி என்பதுவரை விசாரித்து எழுதுகிறவருக்கு? ஐந்து, ஐந்தரை. அவ்வளவுதான் ஐயா வித்தியாசம். பந்தய நிறுவனங்கள் கம்ப்யூட்டரும் கணித நிபுணர்களும் வைத்துக்கொண்டு தொடுகிற எல்லையும் கிட்டத்தட்ட அதுதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பாதி வாய்ப்பு என்று வைத்தால், பத்துக்கு எட்டோ அதற்கு மேலோ சரியாக வர நூற்றுக்கு ஐந்தரை வாய்ப்பு. பருவத்துக்கு 38 சுற்று. ஆக, பெரிய திறமை ஒன்றும் இல்லாதவருக்கும் வருடத்தில் இரண்டு வாரம் எட்டு சரியாக வரும். அந்த இரண்டு வாரமும் அவர் பேசுகிற பேச்சைக் கேட்க முடியாது. மற்ற 36 வாரமும் ரெஃப்ரி சரியில்லை என்பார்.

ஏன் இப்படி? கிரிக்கெட்டில் முந்நூறு ரன் ஓடுகிறது. ஒரு பவுண்டரி தப்பினால் குடி மூழ்காது. கபடியில் முப்பது நாற்பது பாயிண்ட். கால்பந்தில் இரண்டு அணியும் சேர்ந்து சராசரியாக மூன்று கோல்கூடப் போடுவதில்லை. அதிகமாக விழுந்த 2023-24 பருவத்திலேயே 380 ஆட்டத்துக்கு 1,246 கோல்தான், ஆட்டத்துக்கு 3.28. அரிதாக நடப்பது எதுவோ, அதில் அதிர்ஷ்டத்துக்கு இடம் அதிகம்.

இதைப் புரிந்துகொள்ள நகரிக்காரர்களுக்குப் புத்தகம் வேண்டாம். தறிப்பட்டறையில் எட்டு மணி நேர ஷிப்டு. பாவில் இழை அறும். எத்தனை தடவை அறும் என்று கேட்டால் பட்டறைக்காரர் சொல்லிவிடுவார்: இந்த நூலுக்கு இத்தனை, கஞ்சி சரியாக ஏறாத பாவாக இருந்தால் இன்னும் இத்தனை. எந்த நிமிடம் அறும் என்று கேளுங்கள். சிரிப்பார். இரண்டு மணி நேரம் ஒன்றும் அறாது, நாடா பாட்டுக்குப் போய் வரும். டீ குடிக்க உட்கார்ந்தால் மூன்று இழை அடுத்தடுத்து அறும். மொத்தம் தெரிகிறது, கணம் தெரியவில்லை. கோலும் அப்படித்தான் விழுகிறது.

இந்த மாதிரி நிகழ்ச்சிகளுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. பிரெஞ்சுக் கணித அறிஞர் பாய்சான் பெயரால் வழங்குவது. 1837ல் அவர் எழுதியதில் வருகிறது. 1898ல் போர்ட்கேவிச் என்பவர் பிரஷ்யக் குதிரைப்படையில் குதிரை உதைத்துச் செத்தவர்களின் எண்ணிக்கையை அதில் பொருத்திக் காட்டினார். தறிப் பக்கமும் புள்ளியியல் வந்தது: மான்செஸ்டரில் பஞ்சுத் தொழிலுக்கென்றே இருந்த ஷெர்லி ஆய்வு நிலையத்தில் டிப்பெட் என்ற புள்ளியியல்காரர், தறி எவ்வளவு நேரம் ஓடுகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதை இடையிடையே எட்டிப் பார்த்தே கணக்கெடுக்கும் முறையை 1930களில் உருவாக்கினார். கால்பந்துக்குப் பாய்சான் கணக்கை ஒழுங்காகக் கொண்டுவந்தவர் மேஹர், 1982ல். 1997ல் டிக்சனும் கோல்ஸும் அதைச் செப்பனிட்டார்கள். இன்றைய கம்ப்யூட்டர் கணிப்புகள் பலவற்றுக்கும் அடிப்பாவு இதுதான்.

கணக்கு எப்படிப் போகிறது பாருங்கள். சொந்த மைதான அணி சராசரியாக 1.5 கோல் போடும், வந்த அணி 1.2 போடும் என்று வைத்துக்கொள்வோம். முதல் அணி ஒரு கோலும் போடாமல் போக நூற்றுக்கு 22 வாய்ப்பு. இரண்டாவது அணிக்கு 30. இரண்டையும் பெருக்கினால் 0-0 வர நூற்றுக்கு 7. இப்படியே ஒவ்வொன்றாகப் போட்டால் 1-0க்கு 10, 2-1க்கு 9, 1-1க்கு 12. எல்லாவற்றிலும் அதிக வாய்ப்புள்ளது 1-1. அந்த அதிக வாய்ப்பே நூற்றுக்கு 12 என்றால், மிகச் சரியான கணிப்பு நூற்றுக்கு 88 தடவை தப்பாகப் போகும். "சரியான ஸ்கோர் சொல்கிறேன்" என்று யாராவது வந்தால் இந்த 88ஐ நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்த 1.5ஐயும் 1.2ஐயும் எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் ஆட்டம் தெரிந்தவருக்கு வேலை இருக்கிறது. முதலில் மைதானம். சொந்த மைதானத்தில் ஏன் ஜெயிக்கிறார்கள் என்று வெகுகாலம் வாதம் நடந்தது. பயண அலுப்பா, பழகிய புல்லா, கூட்டமா? கொரோனா வந்து ஒரு சோதனையே நடத்திக் காட்டிவிட்டது. 2020-21 பருவம் பெரும்பாலும் காலி மைதானத்தில் நடந்தது. சொந்த மைதான வெற்றி 144, வந்த அணியின் வெற்றி 153. பிரீமியர் லீக் வரலாற்றில் முதல் முறையாகத் தராசு மறுபக்கம் சாய்ந்தது. புல் அதே புல்தான், பயணமும் அதே பயணம்தான். ஆள் மட்டும் இல்லை. அதே பருவத்தில் 2020 அக்டோபர் 4ஆம் தேதி ஒரே நாளில், நடப்புச் சாம்பியன் லிவர்பூல் ஆஸ்டன் வில்லாவிடம் 2-7 என்றும், மான்செஸ்டர் யுனைடெட் தன் சொந்த மைதானத்திலேயே டோட்டனமிடம் 1-6 என்றும் தோற்றன. அந்த ஞாயிற்றுக்கிழமை முடிவைச் சரியாகச் சொன்ன கிளி எதுவும் இல்லை.

அடுத்தது காயம். எலும்பு முறிந்தால் நாம் பஸ் ஏறிப் புத்தூர் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு வருகிறோம். முழங்காலுக்குள் தசைநார் அறுந்தால் புத்தூர்க் கட்டும் உதவாது. 2024 செப்டம்பரில் மான்செஸ்டர் சிட்டியின் ரோட்ரிக்கு அது நடந்தது. நடுக்களத்தில் அந்த ஒரு ஆள். நான்கு வருடம் தொடர்ந்து சாம்பியனாக இருந்த அணி, அக்டோபர் கடைசியிலும் நவம்பரிலுமாக எல்லாப் போட்டிகளையும் சேர்த்து ஐந்து ஆட்டம் வரிசையாகத் தோற்றது. பருவ முடிவில் மூன்றாம் இடம். பெயரைப் பார்த்துக் கணித்தவர்கள் அந்த வாரங்கள் முழுக்க ஏமாந்தார்கள். காயப் பட்டியலைப் பார்த்தவர்கள் கொஞ்சம் குறைவாக ஏமாந்தார்கள்.

டிரா பற்றி ஒரு வார்த்தை. எந்த ஆட்டத்திலும் டிராவுக்கு நூற்றுக்கு முப்பதுக்கு மேல் வாய்ப்பு ஏறுவது அபூர்வம், அதனால் தனியாக ஒரு ஆட்டத்தை எடுத்து "இது டிரா" என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. பத்தில் சராசரியாக இரண்டு மூன்று டிரா வரும், எவை என்பதுதான் தெரியாது. இந்தச் சிரமத்தையே முதலாக்கி வளர்ந்தது இங்கிலாந்தின் 'பூல்ஸ்' வியாபாரம், அதாவது கூப்பனில் ஆட்ட முடிவுகளை எழுதிப் பணம் கட்டும் பந்தயம். 1923ல் லிவர்பூலில் ஜான் மூர்ஸும் இரண்டு நண்பர்களும் லிட்டில்வுட்ஸ் தொடங்கி, மான்செஸ்டர் யுனைடெட் மைதான வாசலில் 4,000 கூப்பன் கொடுத்தார்கள். 35 திரும்பி வந்தது. பிறகு அது நாட்டின் வாரச் சடங்கானது; பரிசு டிராக்களைச் சரியாகச் சொன்னவருக்கு. 1963 குளிர்காலத்தில் மைதானமெல்லாம் உறைந்து, வாரக்கணக்கில் ஆட்டம் இல்லை. கூப்பன் போட்டவனுக்கு முடிவு வேண்டுமே? டாம் ஃபின்னி, டாமி லாட்டன் முதலிய பழைய ஆட்டக்காரர்களை ஒரு அறையில் உட்கார வைத்து, ஆடாத ஆட்டங்களுக்கு முடிவு சொல்லச் சொன்னார்கள். ஜனவரி 26ஆம் தேதி அவர்கள் சொன்ன முடிவுக்குப் பணமும் பட்டுவாடா ஆனது. மழை பெய்யாமலே குடை விற்ற கதை.

பணம் என்ற சொல் வந்துவிட்டது, இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். வேலூர், ஆம்பூர், குடியாத்தம் பக்கம் 'காட்டன்' என்று ஒரு சூதாட்டம் உண்டு. அங்கே சொந்தபந்தம் இல்லாதவர் இந்தக் கூட்டத்தில் யாரும் இருக்க முடியாது. நம்பருக்குப் பணம் கட்டுகிற ஆட்டத்துக்கு ஏன் காட்டன் என்று பெயர்? ஒரு காலத்தில் நியூயார்க் பஞ்சுச் சந்தையின் தொடக்க விலையும் முடிவு விலையும் தந்தியில் பம்பாய்க்கு வரும். அந்த விலை என்னவாக இருக்கும் என்று பந்தயம் கட்டினார்கள். 1960களின் தொடக்கத்தில் அந்த விலைச் செய்தி நின்றது. பானையில் சீட்டுப் போட்டு எடுக்க ஆரம்பித்தார்கள், அது மட்கா. பஞ்சு போய்விட்டது, பெயர் நம் பக்கம் ஒட்டிக்கொண்டது. என் தாய்மாமா முறை ஒருவர், கையில் நான்கு தறி வைத்திருந்தவர், தினமும் சாயங்காலம் நம்பர் கேட்க சைக்கிளில் போவார். முந்தின நாள் கனவில் யானை வந்ததா, பாம்பு வந்ததா என்பதற்கெல்லாம் அவரிடம் நம்பர் இருந்தது. கடைசியில் அடுத்தவர் பட்டறையில் தார் சுற்றிக்கொண்டிருந்தார். கணக்கு நோட்டு ஒன்று வைத்துத் தான் கட்டியதையும் வந்ததையும் எழுதியிருந்தால் மூன்றே மாதத்தில் அவருக்குத் தெரிந்திருக்கும். எழுதவில்லை. வந்த நாள் மட்டும் ஞாபகம் இருந்தது.

சட்டமும் இப்போது தெளிவாக இருக்கிறது. ஆந்திரத்தில் 1974 சூதாட்டத் தடைச் சட்டத்தை 2020ல் திருத்தி, பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களையும் அதற்குள் கொண்டுவந்தார்கள். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நாடு முழுவதற்கும் தடைச் சட்டம் நிறைவேற்றியது. பணம் கட்டி அணி தேர்ந்தெடுக்கும் ஆப்களும் கடையைக் கட்டின. காசு இல்லாத விளையாட்டுக்குத் தடை இல்லை. 10 கோடி பவுண்டு கற்பனைப் பணத்தில் 15 ஆட்டக்காரர்களை எடுத்து ஆடுகிற ஃபேண்டஸி பிரீமியர் லீக்கைப் பின்வரிசைத் தம்பிகள் பலரும் ஆடுகிறீர்கள் என்று தெரியும். நானும் ஆடுகிறேன். என் கேப்டன் பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்.

யாராவது கேட்பீர்கள், லெஸ்டர் என்ன ஆச்சு என்று. 2015-16ல் லெஸ்டர் சிட்டி சாம்பியன் ஆகும் என்பதற்கு ஒன்றுக்கு ஐயாயிரம் என்று பந்தய நிறுவனங்கள் விலை வைத்தன. அது சாம்பியன் ஆனது. கணிப்பே பொய் என்பதற்கு இதைச் சாட்சி சொல்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த ஐயாயிரம் கணக்குப் போட்டு வந்த எண் இல்லை. எப்படியும் நடக்காது என்ற அலட்சியத்தில் எழுதிய எண். ஐந்தாயிரத்தில் ஒன்று என்றால் ஐந்தாயிரம் வருடத்தில் ஒரு முறை. லீக்குக்கு வயது நூற்று சொச்சம். அத்தனை உறுதியாகச் சொல்ல யாருக்கும் யோக்கியதை கிடையாது.

அதனால் உங்களிடம் "யார் ஜெயிப்பார்?" என்று கேட்கப்போவதில்லை. நூற்றுக்கு எத்தனை என்று எழுதுங்கள். 1950ல் கிளென் பிரையர் என்ற அமெரிக்க வானிலைக்காரர் மழைக் கணிப்புக்கு மார்க் போட ஒரு வழி சொன்னார். அதைத்தான் எடுத்துக்கொள்கிறேன். சொந்த மைதான அணி ஜெயிக்க நூற்றுக்கு 60 என்று எழுதினீர்கள், ஜெயித்துவிட்டது. நூறுக்கு 40 குறைகிறது. நாற்பதை நாற்பதால் பெருக்கினால் 1,600, அது உங்கள் குற்றம். ஜெயிக்கவில்லை என்றால் அறுபதை அறுபதால் பெருக்க வேண்டும், 3,600. நூற்றுக்கு நூறு என்று அடித்துச் சொல்லித் தோற்றவருக்கு 10,000. குறைவாக வாங்கியவர் கெட்டிக்காரர். எதுவுமே யோசிக்காமல் எல்லா ஆட்டத்துக்கும் 45 என்று எழுதினால் பருவ முடிவில் சராசரி 2,475 சுற்றி நிற்கும். அதற்குக் கீழே இறங்கினால்தான் உங்களுக்கு ஆட்டம் தெரியும் என்று அர்த்தம்.

போன பருவம் முழுக்க நானும், எனக்கு முடி வெட்டுகிற தம்பியும் நோட்டுப் போட்டு எழுதினோம். என் சராசரி 2,310. நாற்பது வருடம் கணக்கு வாத்தியார் வேலை பார்த்தவன் நான். தம்பியின் சராசரி 2,240.

தாள்கள் வாசல் மேசையில் இருக்கின்றன. பத்து ஆட்டம் அச்சடித்திருக்கிறது, எதிரே பத்துக் கட்டம். பெயரும் எண்ணும் மட்டும் எழுதுங்கள், ரூபாய் யாரும் எடுக்க வேண்டாம். இங்கிலாந்தில் அக்டோபர் கடைசி ஞாயிறுவரை கோடை நேரம், அதனால் சனிக்கிழமையின் முதல் ஆட்டம், மதியம் நடப்பது, நமக்கு மாலை 5 மணிக்கே தொடங்கிவிடும். அதற்குள் தாள் பெட்டியில் விழ வேண்டும். ஐந்து மணிக்கு மேல் வருவதை வாங்க மாட்டேன்.